பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுக்க: கூடலூர், வயநாட்டுப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, எருமாடு, தாளூர், எல்லை தாண்டினால் சுல்தான் பத்தேரி. இந்தப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு ஜன்னலைத் திறந்தால் காப்பிச் செடிதான் கண்ணில் படும். ஆனால் காலையில் குடிப்பது எங்கேயோ வறுத்து, எப்போதோ அரைத்து, பாக்கெட்டில் அடைத்து வந்த தூள். வேலிக்கு அந்தப் பக்கம் விளைகிற கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுத்துக் குடிக்கலாம். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். கனமான இரும்புச் சட்டி, நீளக் காம்புள்ள மரக்கரண்டி, ஒரு முறம், மூடி இறுக்கமான டப்பா, மிக்ஸி. இவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பி நன்றாக இருப்பதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் ஈரத்தைப் பொறுத்தது. செடியிலிருந்து பறிக்கும்போது பழத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். களத்தில் காய்ந்து முடியும்போது அது 11 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். வறுத்த கொட்டையில் மூன்று சதவீதம் இருந்தாலே அதிகம். அப்புறம் அந்தக் கொட்டை இழந்த ஈரத்தைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும். ஜூனில் ஆரம்பித்துச் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கிற ஊரில் இதை மறந்தால், எவ்வளவு நல்ல கொட்டை வாங்கினாலும் வீண்தான்.

இங்கே விளைவது எது

கடைகளில் விற்கும் காப்பியில் இரண்டு இனம்தான் முக்கியம்: அராபிகா, ரோபஸ்டா. அராபிகாவுக்கு உயரமும் குளிரும் வேண்டும். பந்தலூர், வயநாட்டுச் சரிவுகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ரோபஸ்டா. வயநாடு ரோபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகாவுக்கும் அதே ஆண்டுதான் கிடைத்தது.

ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழுக்காத காயையும் பழுத்ததையும் சேர்த்து உருவி, அரைகுறையாகக் காயப்போட்டு விற்றதால் வந்த பெயர் அது. பழமாகப் பார்த்துப் பறித்து ஒழுங்காகக் காயவைத்த ரோபஸ்டா, பாலில் கலந்து குடிக்கிற நம் காப்பிக்கு அருமையாகப் பொருந்தும். டிகாக்‌ஷன் திக்காக இறங்கும், பாலில் கரைந்து காணாமல் போகாது.

ரோபஸ்டாவில் காஃபின், அராபிகாவில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அராபிகாவில் எடையில் 1.2 சதவீதம் அளவு என்றால் இதில் 2.2 சதவீதம் அளவு. செடிக்கு அது பூச்சியை விரட்டும் ஆயுதம். இலைத்துரு நோயையும் ரோபஸ்டா நன்றாகத் தாங்கும். அந்த நோயின் கதைக்கும் கூடலூருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1869இல் இலங்கைத் தோட்டங்களில் இலைத்துரு காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பி பெரும்பாலும் அழிந்து, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. அந்த மலைகளில் உழைத்த தமிழர்களின் வழிவந்த பல குடும்பங்கள்தான், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி இந்த வட்டாரத்தில் குடியமர்ந்தன.

எப்போது, எப்படி வாங்குவது

பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மழை பெய்தால் பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூ பழுத்த பழமாக ரோபஸ்டாவில் பத்து, பதினொரு மாதம் ஆகும். ஆகவே அறுவடை டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பழத்தை அப்படியே முழுசாகக் களத்தில் பரப்பி, தினமும் கிளறிவிட்டு, கிட்டத்தட்ட இரண்டு வாரம் காயவைப்பார்கள். வாங்க ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச்.

வயநாட்டுக் கடைகளில் இரண்டு விலை எழுதியிருப்பார்கள். உண்டக்காப்பி என்பது தோலோடு காய்ந்த முழுப் பழம். காப்பிப் பரிப்பு என்பது மில்லில் தோல் நீக்கிய கொட்டை. நம் பக்கம் பருப்பு என்று கேட்டால் போதும். ஒரு கிலோ உண்டக்காப்பியைக் குத்தினால் அரைக் கிலோ சொச்சம் பருப்பு கிடைக்கும். இதை வைத்தே விலை நியாயமா என்று பார்த்துக்கொள்ளலாம். பருப்பின் விலை உண்டக்காப்பியின் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருப்பது சகஜம். அதற்கு மேல் வெகுதூரம் போனால் விசாரியுங்கள்.

கடையை விட, தோட்டம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்பதே நல்லது. எந்தக் களத்தில் காய்ந்தது, மழையில் நனைந்ததா என்பது அவர்களுக்குத் தெரியும். பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, வீட்டுக்கு வறுக்க ரெண்டு கிலோ பருப்பு வேணும். இந்த வருசத்துச் சரக்குதானே?"

"இப்பத்தான் களத்துல கிடக்குது தம்பி. மில்லுக்குப் போனதும் எடுத்து வைக்கிறேன். அவசரப்பட்டு வாங்கிட்டுப் போயி பூசணம் பிடிச்சுதுன்னு வந்து நிக்காத."

அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. காய்ந்ததா என்று பார்க்க நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். உண்டக்காப்பியில் ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே கொட்டை கலகலவென்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். மொத்தென்று இருந்தால் தோலுக்கும் கொட்டைக்கும் நடுவில் இன்னும் ஈரம் இருக்கிறது. பருப்பாக இருந்தால் கடைவாயில் வைத்து லேசாகக் கடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்தது கல் மாதிரி நிற்கும், பல்தடம் பதியாது. பல் அமுங்கினால் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடிக் கொட்டையோடு ஒரு ஸ்பூன் உலர்ந்த பொடியுப்பு போட்டு, மூடிக் குலுக்கிப் பத்து நிமிஷம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் கொட்டை ரொம்ப ஈரம்.

பூசண வாடை வந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சரியாகக் காயாத கொட்டையில் வளரும் பூஞ்சையால் உண்டாகும் நஞ்சு, வறுத்தாலும் முழுசாகப் போகாது.

பருப்பில் சிலது ஒரு பக்கம் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெரி. ஒரு பழத்தில் வழக்கமாக இரண்டு விதை முகத்தோடு முகம் ஒட்டியிருக்கும், அதனால்தான் கொட்டையின் ஒரு பக்கம் தட்டை. ஒரே விதை மட்டும் வளர்ந்தால் அது உருண்டையாகிவிடும். இது தனிச் செடியில் காய்ப்பது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எல்லாச் செடியிலும் கொஞ்சம் விழும், சல்லடையில் பிரித்துத் தனியாக விற்கிறார்கள். சட்டியில் உருண்டு உருண்டு நாலா பக்கமும் சீராக வறுபடுவதால், பழகுகிறவர்களுக்குப் பீபெரி வசதி.

வறுப்பதற்கு முன்

250 கிராம் எடுத்து ஒரு தட்டில் பரப்புங்கள். கறுத்தது, உடைந்தது, குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்தது, கல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். அந்த ஓட்டை காய்த்துளைப்பான் வண்டு போட்டது. உடைந்த துண்டு மற்றதெல்லாம் சிவக்கும் முன்பே கருகி, மொத்தத்திலும் கருகல் வாடையை ஏற்றிவிடும். கொட்டையைக் கழுவத் தேவையில்லை.

250 கிராமுக்கு மேல் ஒரே ஈட்டில் போட வேண்டாம். இரண்டு பேர் தினம் இரண்டு வேளை குடிக்கிற வீட்டில் நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம் தூள் செலவாகும். அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு வரும். அதுவே சரியான அளவும்கூட. ஏன் என்று சேமிப்பைப் பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

நான்ஸ்டிக் பாத்திரம் வேண்டாம், இந்தச் சூட்டுக்கு அது ஏற்றதல்ல. ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை வரும். முற்றத்தில் அடுப்பு வைக்க வசதியிருந்தால் அதுவே மேல்.

சட்டியில் நடப்பது

மிதமான தீயில் சட்டி காய்ந்ததும் கொட்டையைப் போட்டுக் கிளற ஆரம்பியுங்கள். இறக்கும் வரை கை நிற்கக்கூடாது. முதல் நாலைந்து நிமிஷம் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பொறுமையில்லாமல் தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். ரோபஸ்டா கொட்டை கெட்டி, அதற்கு நிதானம் இன்னும் அதிகமாக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் காப்பி வாசனையை எதிர்பார்க்காதீர்கள். பச்சைக் கொட்டைக்கு அந்த வாசனையே கிடையாது. நாம் காப்பி மணம் என்று சொல்வது சூட்டில் உருவாகும் 800க்கும் மேற்பட்ட ஆவிப்பொருள்களின் கலவை. முதலில் வருவது காய்ந்த புல் வாடை. கொட்டை மஞ்சளாகும். அப்புறம் ரொட்டி சுடுகிற வாடை, நிறம் பழுப்பு. கொட்டையை ஒட்டியிருந்த மெல்லிய வெள்ளித்தோல் இப்போது உரிந்து பறக்க ஆரம்பிக்கும். அது எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு பக்கம் துணி, பேப்பர் எதுவும் இருக்கக்கூடாது.

பத்து நிமிஷத்தை ஒட்டி, கொட்டைக்குள் சூடு 200 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் வரும்போது, டப், டப் என்று வெடிப்புச் சத்தம் கேட்கும். உள்ளே அடைபட்ட நீராவியும் கரியமில வாயுவும் கொட்டையைப் பிளந்து வெளியே வருகின்றன. இதுதான் முதல் வெடிப்பு. கொட்டை கண்ணெதிரே பருக்கும், நடுக்கோடு விரியும். ரோபஸ்டாவில் சத்தம் கொஞ்சம் அடங்கியே வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். இதற்கு முன்னால் இறக்கினால் குடிக்க முடியாது, புளிப்பும் பச்சை வாடையுமாக இருக்கும்.

முதல் வெடிப்பு ஓய்ந்து ஒன்றிரண்டு நிமிஷம் கிளறினால் நடுத்தர வறுவல். அதற்கும் மேலே விட்டால் 225 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டாவது வெடிப்பு வரும், தாளிக்கும்போது கடுகு பொரிவதுபோல மெல்லியதாக, அடுத்தடுத்து. பால் சேர்த்துக் குடிக்கும் ஃபில்டர் காப்பிக்கு, இரண்டாவது வெடிப்பின் முதல் சத்தம் கேட்டதும் இறக்குவது என் கணக்கு. அதற்குமேல் போனால் எண்ணெய் கசிந்து மினுங்கும். அப்புறம் நீங்கள் குடிப்பது வயநாட்டுக் கொட்டையா வேறு ஊர்க் கொட்டையா என்பதே தெரியாது, எல்லாம் ஒரே கரிச்சுவைதான்.

அடுப்பை அணைத்தால் வறுபடுவது நின்றுவிடாது, சட்டியின் சூடும் கொட்டையின் சூடும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் நினைத்த நிறத்துக்கு ஒரு நிழல் முன்னாலேயே முறத்தில் கொட்டி வாசலுக்குக் கொண்டுபோய்ப் புடையுங்கள். வெள்ளித்தோல் காற்றில் பறக்கும், கொட்டையும் ஆறும். மூன்று நாலு நிமிஷத்தில் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும். கடையில் விற்கும் எந்தக் கருவியையும் விட நம் வீட்டு முறம் இதற்கு நன்றாக உதவும்.

ஆறியபின் நிறுத்துப் பாருங்கள். 250 கிராம் 210 கிராம் அளவுக்குக் குறைந்திருக்கும், ஆனால் கொள்ளளவு ஒன்றரை மடங்கு அளவுக்குப் பெருகியிருக்கும். டப்பாவைப் பச்சைக் கொட்டைக்கு அளந்து எடுத்து வைத்திருந்தால் போதாது.

கருப்பாக வறுத்தால் காப்பி ஸ்ட்ராங் என்று பலரும் நம்புகிறார்கள். கசப்பு கூடும், காஃபின் கூடாது. வறுக்கும் சூட்டில் காஃபின் பெரிதாக மாறுவதே இல்லை. உறக்கம் கெடுகிறது என்றால் வறுவலைக் குறைத்துப் பயனில்லை, தூளைத்தான் குறைக்க வேண்டும். ரோபஸ்டாவுக்கு மாறும்போது இதை நினைவில் வையுங்கள். வழக்கமான கரண்டி அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே போட்டு ஆரம்பியுங்கள்.

வறுத்ததை வைப்பது

வறுத்த அன்றே குடிக்க ஆசை வரும். குடியுங்கள், தப்பில்லை. ஆனால் மூன்று நாலு நாள் கழித்துத்தான் அதே கொட்டை தன் சுவையைக் காட்டும். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது, ஒரு கிலோவிலிருந்து பல லிட்டர் வெளியேறும். கடைப் பாக்கெட்டில் சின்ன வட்டமாக ஒரு வால்வு இருப்பது இந்த வாயு வெளியே போக, வெளிக்காற்று உள்ளே வராமலிருக்க. வீட்டில் வறுத்ததும் கண்ணாடி ஜாடியில் இறுக்கி அடைக்காதீர்கள். முதல் நாள் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடியை லேசாக வைத்து, மறுநாள் அழுத்தி மூடுங்கள்.

கெடுப்பவை நான்கு: காற்று, ஈரம், சூடு, வெளிச்சம். அடுப்புக்கு மேல் உள்ள அலமாரி சூட்டுக்கும் ஆவிக்கும் நடுவில் இருக்கிறது, அங்கே வேண்டாம். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் குளிர்ந்த கொட்டைமேல் ஈரம் படியும், கூடவே நேற்றைய மீன்குழம்பு வாடையும் ஏறும். ஊருக்குப் போகிறோம், மாதக்கணக்கில் வைக்க வேண்டும் என்றால் மட்டும் ஃப்ரீசர். ஒரு வாரத்துக்கு ஆவதைத் தனித்தனிப் பொட்டலமாகக் காற்றுப்புகாமல் கட்டி வையுங்கள். எடுத்த பொட்டலம் அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் பிரிக்க வேண்டும். திரும்ப ஃப்ரீசருக்குள் வைக்கக்கூடாது.

முழுக் கொட்டையாக இருந்தால் மூன்று, நாலு வாரம் நன்றாக இருக்கும். அரைத்துவிட்டால் கணக்கே வேறு. ஒவ்வொரு துகளும் காற்றைத் தொடுவதால் முதல் சில நிமிஷத்திலேயே மணத்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் வாரம் ஒரு ஈடு வறுத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைக்கச் சொல்கிறேன். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜாரின் சூட்டிலேயே மணம் போகும்.

பச்சைக் கொட்டையை மழைக்காலம் தாண்ட வைப்பது

ஒழுங்காகக் காய்ந்த பருப்பு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை தாங்கும். மார்ச்சில் வாங்கியதை மே மாதக் கடைசியில், வெயில் உள்ள நாளாகப் பார்த்து, ஒருமுறை கடித்துச் சோதியுங்கள். திருப்தியாக இருந்தால் தடிமனான பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, அதை டின்னுக்குள் வைத்து மூடுங்கள். ஈரத்தோடு இப்படி அடைத்தால் உள்ளேயே பூசணம் பிடிக்கும், ஆகவே சோதிக்காமல் மூட வேண்டாம். துணிப்பையிலோ திறந்த சாக்கிலோ விட்டால் ஆகஸ்டில் பார்க்கும்போது கொட்டை வெளுத்து, ஊதியிருக்கும்.

இதே ஈரக்காற்றை வேண்டுமென்றே ஏற்றிச் செய்கிற காப்பியும் உண்டு. பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்காகக் கடல்காற்று பட்டு ஐரோப்பா போய்ச் சேர்ந்த மலபார்க் கொட்டை, வெளுத்து, புளிப்பு குறைந்து, தனி ருசியோடு இருந்தது. நீராவிக் கப்பலும் சூயஸ் கால்வாயும் வந்து பயணம் சுருங்கியதும் அந்த ருசி போயிற்று. வாங்கியவர்கள் பழைய ருசியையே கேட்டார்கள். அதனால் இன்றும் மங்களூர்க் கடற்கரைக் கிடங்குகளில் மழைக்காலம் முழுக்கக் கொட்டையைப் பரப்பி, கிளறி, மூட்டை மாற்றி அடுக்கி அதே மாதிரி செய்கிறார்கள். மான்சூண்டு மலபார் என்று விற்பது அதுதான். நன்கு பழகியவர்கள் தினமும் கவனித்துச் செய்வது அது. வீட்டு மூலையில் தானாக வெளுத்த கொட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, இந்த ஊர் வீடுகளில் மிளகு, இஞ்சி, பாக்கு, உரம் எல்லாம் ஒரே அறையில்தான் இருக்கும். காப்பிக் கொட்டை பக்கத்து வாடையை உறிஞ்சிக்கொள்ளும். டின்னை அந்த அறையில் வைக்காதீர்கள், உரச் சாக்கில் கொட்டை தந்தால் வாங்காதீர்கள். தரையோடும் சுவரோடும் ஒட்டாமல் ஒரு பலகைமேல் வையுங்கள்.

வாங்கிய மனையில் செடியே இருந்தால் கவாத்து, உரம், வண்டுத் தொல்லை பற்றிக் கேட்க வயநாட்டுச் சுண்டேலில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஃபில்டரில் போடும்போது

புதிதாக வறுத்த தூளில் வெந்நீர் பட்டதும் நுரைத்துப் பொங்கி மேலே எழும். பாக்கெட் தூளில் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதே கரியமில வாயுதான். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி அரை நிமிஷம் விட்டு, பொங்கல் அடங்கியபின் மீதியை ஊற்றுங்கள். சொட்டு இறங்காமல் நின்றால் தூள் ரொம்ப நைஸ், அடுத்த தடவை கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள்.

சிக்கரி வேண்டுமா? டிகாக்‌ஷன் கறுப்பாக, திக்காக வரத்தான் அதைச் சேர்ப்பது. அது ஒரு செடியின் வேர், காஃபின் கிடையாது. கலப்புத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டிலும் போட வேண்டும். கையில் இருக்கும் தூளில் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தூவுங்கள். காப்பித்தூள் மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். நல்ல ரோபஸ்டா கையில் இருக்கும்போது திக்குக்காகச் சிக்கரி தேடுவது எனக்குத் தேவையாகப் படவில்லை.

மணம் இன்னும் தூக்கலாக வேண்டும் என்றால் அராபிகாவைச் சேர்த்துப் பாருங்கள். நீலகிரியின் உயரமான பகுதிகளிலோ ஏற்காட்டிலோ விளைந்த பிளாண்டேஷன் ரகம், அதாவது தோல் சீவிக் கழுவிக் காயவைத்த அராபிகா, கிடைத்தால் வாங்குங்கள். இரண்டையும் ஒரே சட்டியில் வறுக்கக்கூடாது. அராபிகா சீக்கிரம் வெடிக்கும், ரோபஸ்டா பின்தங்கும். தனித்தனியாக வறுத்து, ஆறியபின் கொட்டையாகவே கலந்து வையுங்கள். பாதிக்குப் பாதியில் ஆரம்பித்து, அடுத்த வாரம் எந்தப் பக்கம் கூட்டுவது என்று உங்கள் வீட்டார் நாக்கைக் கேட்டு முடிவு செய்யலாம்.